தோற்கும் விதத்தைப் பார்த்து வாங்குங்கள்: விண்வெளிக் காலனி கேம்களில் எது முதலில்?

எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளும், செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாரும் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். வேற்றுக் கிரகத்தில் காலனி கட்டுகிற கேம் வாங்கணும், எதை வாங்குவது? காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே விளையாடிக் காட்டுகிறவர் பல நூறு மணி நேரம் பழகியவர். நீங்கள் உட்கார்ந்தால் அப்படி வராது.

இந்த வகைக் கேமில் முதல் சில காலனிகள் அழியத்தான் போகின்றன. அது உங்கள் குறை இல்லை, கேம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதனால் படம் அழகா, எத்தனை பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, இது என்னை எப்படித் தோற்கடிக்கும், அப்படித் தோற்றால் மறுபடி உட்காருவேனா இல்லை அழித்துவிட்டுப் போய்விடுவேனா என்று யோசிப்பதுதான் காசுக்கு நல்லது. சர்வைவிங் மார்ஸ் என்கிற கேமில் சாமான் தீர்ந்து தோற்பீர்கள். ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்டில் நீங்களே போட்ட குழாயால் தோற்பீர்கள். ரிம்வேர்ல்டில் மனுஷங்களால் தோற்பீர்கள். முடிவு செய்ய இதுவே போதும் என்பவர்கள் இத்தோடு கடைப் பக்கத்துக்குப் போகலாம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வீடுகளில் இருப்பது ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட லேப்டாப், ஈப்போவில் செகண்ட்ஹேண்டாக எடுத்தது, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. ரிம்வேர்ல்டும் ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்டும் தட்டையான படங்கள், அந்த மாதிரி லேப்டாப்பிலும் ஓடும். நான்கு ஜிபி ரேம் போதும் என்று போட்டிருப்பார்கள், நீங்கள் எட்டாக்கிவிட்டு உட்காருங்கள். சர்வைவிங் மார்ஸ் முப்பரிமாணம், எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கினால் ஓடும், ஆனால் விசிறி கத்தும். இறக்கம் செய்வதிலும் வித்தியாசம் இருக்கிறது. ரிம்வேர்ல்டு ஏறக்குறைய ஒரு ஜிபிதான், சர்வைவிங் மார்ஸ் அதைப்போல் பல மடங்கு. தாமான் குடியிருப்பில் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை, தோட்டத்துக்குள் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு ராத்திரி வேலை. நல்ல செய்தி என்னவென்றால் மூன்றுமே தனியாள் கேம்கள், ஒருமுறை இறக்கிவிட்டால் கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டு லைன் இல்லாமலேயே ஆடலாம். சாயங்காலம் இடி இடிக்கிற ஊரில் இது பெரிய விஷயம். லேப்டாப் பேட்டரி செத்துப்போன கேஸ் என்றால் மட்டும், வானம் கறுக்கும்போதே சேவ் செய்துவிடுங்கள்.

சரி, சர்வைவிங் மார்ஸ். பல்கேரியாவில் உள்ள ஹேமிமொன்ட் கேம்ஸ் செய்து, பாரடாக்ஸ் நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. பெயரிலேயே இருக்கிற மாதிரி செவ்வாய்தான் களம். முதலில் ஆள் யாரும் போவதில்லை. ஒரு ராக்கெட்டில் ட்ரோன்களும் சாமான்களும் இறங்கும், அவை கான்கிரீட் தோண்டி, சோலார் பலகை விரித்து, காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து, செவ்வாயின் கரிவளியிலிருந்து (கார்பன் டை ஆக்ஸைடு) உயிர்வளி (ஆக்ஸிஜன்) பிரிக்கிற மாக்ஸி என்கிற இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் குடியிருக்கிற கண்ணாடிக் கூடாரமான டோமைக் கட்டி முடித்த பிறகுதான் முதல் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர்கள் பத்து சோல், அதாவது பத்து செவ்வாய் நாள், தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகே பூமி அடுத்த ஆட்களை அனுப்பும். இந்த முதல் கட்டம் எனக்குத் தெரிந்த காலனி கேம்களிலேயே அழகான தொடக்கம்.

மாக்ஸி கற்பனை இல்லை. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கியபோது அதே பெயரில் ஒரு சிறு கருவியைச் சுமந்து போனது. அதே ஏப்ரலில் முதல் முறையாக ஐந்து கிராம் சொச்சம் உயிர்வளி எடுத்தது, 2023-இல் வேலை முடிந்தபோது பதினாறு ஓட்டங்களில் மொத்தம் 122 கிராம். கேமில் ஒரே கட்டடம் ஒரு டோமுக்கே மூச்சு கொடுக்கும். நிஜத்தில் நாம் இருக்கும் இடம் எது என்று தெரிந்துகொண்டு ஆடினால் அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிடும். தூசிப்புயல் அடிக்கும்போது கேமில் மாக்ஸியும் நின்றுவிடும், ஈரம் பிடிக்கிற இயந்திரமும் நின்றுவிடும், தொட்டியில் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதில் எப்படித் தோற்பார்கள்? புயலால் தோற்பவர்கள் குறைவு. பழுதுபார்க்கிற சாமான் இல்லாமல் தோற்பவர்கள்தான் அதிகம். கட்டுகிற ஒவ்வொரு கட்டடத்தையும் தூசி தின்னும், அதைப் பராமரிக்க ஒன்றுக்கு உலோகம், ஒன்றுக்கு மெஷின் பார்ட்ஸ், ஒன்றுக்கு எலக்ட்ரானிக்ஸ் என்று கேட்கும். தொடக்கத்தில் மெஷின் பார்ட்ஸும் எலக்ட்ரானிக்ஸும் பூமியிலிருந்துதான் வர வேண்டும், அதற்குக் காசு வேண்டும், காசுக்கு அரிய உலோகம் தோண்டி ராக்கெட்டில் ஏற்ற வேண்டும், தோண்டுவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு இன்னொரு டோம் வேண்டும், அந்த டோமுக்கும் பராமரிப்பு வேண்டும். வேகமாகப் பரப்பிக் கட்டினவன் இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் அறுந்து, ட்ரோன்கள் ஒவ்வொன்றாக நின்று, மின்சாரம் இல்லாமல், கண்முன்னே மெதுவாக அணைந்துபோவான். ஒரு பெரிய வெடி கிடையாது, சாவு கூட அமைதியாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது வெறுப்பாக இருக்கும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த டோம் புதிதே அல்ல. லயத்து வீடு கம்பெனியுடையது, ஆயாக்கொட்டகை கம்பெனியுடையது, மருந்து கொடுக்கிற இடம் கம்பெனியுடையது, பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கத்திலேயே, கடையும் உள்ளேயே, வேலை எங்கேயோ அங்கேதான் குடியிருப்பு, வெளியிலிருந்து லோரி வராவிட்டால் ஒன்றும் இல்லை. டோமும் அப்படித்தான் ஓடுகிறது, என்ன, இங்கே துரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள். வயதானவர்கள் வேலைக்குப் போவதில்லை, ஆனால் வீட்டில் இடம் பிடிப்பார்கள். அனுபவசாலி ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, டோமின் வடிகட்டியில் முதியவர்களை விலக்கிவிட்டு அவர்களுக்கென்று ஓரத்தில் வசதி குறைந்த ஒரு டோம் கட்டி அனுப்பிவிடுவார்கள். கணக்குப்படி அது சரியான ஆட்டம்தான். வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய் என்று கடிதம் வாங்கின தாத்தாக்கள் இருக்கிற குடும்பத்துப் பிள்ளை அந்த பட்டனை அழுத்தும்போது கை கொஞ்சம் தயங்கும், தயங்கட்டும். இந்த மாதிரி ஓர் உறுத்தலைக் கேம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நம் ஆட்களுக்குத்தான் அது தானாகத் தெரியும்.

தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பகுதிகளான விரிவுகளில் கிரீன் பிளானட் ஒன்றுதான் முக்கியம், 2019-இல் வந்தது, செவ்வாயையே மெல்ல மெல்லப் பூமியாக்கலாம். 2021-இல் வந்த நிலத்தடி விரிவைத் தவிர்த்தாலும் ஒன்றும் இழப்பதில்லை. 2025 நவம்பரில் ஹேமிமொன்ட்டே ரீலாஞ்ச்டு என்று கேமைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறது. பழைய லேப்டாப்காரர்கள் வாங்குவதற்கு முன் எந்தப் பதிப்பு, என்ன மெஷின் கேட்கிறது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காலனிக்குப் பணம் போடுகிற ஸ்பான்சர் யார் என்கிற தேர்வில் அனைத்துலக மார்ஸ் மிஷனை எடுங்கள், அதுதான் சுலபமானது. இந்தியாவும் பட்டியலில் இருக்கிறது, பாசத்தில் முதல் ஆட்டத்திலேயே அதை எடுத்துவிட வேண்டாம்.

அடுத்து ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். வான்கூவரில் உள்ள க்ளை நிறுவனம் 2019 ஜூலையில் முழுப் பதிப்பாக வெளியிட்டது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர், டூப்ளிகன்ட் என்று பெயர், கார்ட்டூன் மாதிரி முகம், பார்த்தால் சின்னப் பிள்ளைகள் கேம் என்று நினைப்பீர்கள். பத்து நிமிஷத்தில் அந்த நினைப்பு போய்விடும். ஏனென்றால் இதில் காற்றுக்கு எடை இருக்கிறது. கரிவளி கீழே இறங்கி நிற்கும், ஹைட்ரஜன் மேலே போய் முட்டும், உயிர்வளி நடுவில். எந்தத் தளத்தில் படுக்கை போடுகிறீர்கள் என்பதே உயிர்ப்பிரச்சினை. தண்ணீருக்குச் சூடு உண்டு, பாறைக்குச் சூடு உண்டு, ஒரு குழாய் சுடுதண்ணீரைக் கொண்டுபோனால் வழியெல்லாம் அந்தச் சூடு பரவும். கக்கூஸ் தண்ணீரை வடிகட்டித் திருப்பிவிடலாம், ஆனால் வடிகட்டி அழுக்கைத்தான் எடுக்கும், கிருமியை எடுக்காது, அதை அப்படியே சமையலுக்குக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான்.

தொடக்கத்தில் பாசியிலிருந்து உயிர்வளி கிடைக்கும். பாசி தீரும். அடுத்து எலெக்ட்ரோலைசர், தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கிற கருவி. வினாடிக்கு ஒரு கிலோ தண்ணீர் கொடுத்தால் 888 கிராம் உயிர்வளியும் 112 கிராம் ஹைட்ரஜனும் வரும். இந்த எண்ணை யாரோ சும்மா போட்டுவிடவில்லை, நிஜத் தண்ணீரிலும் எடைக்கணக்கில் ஒன்பதில் எட்டு பங்கு உயிர்வளிதான். அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் உயிர்வளிக்கு இதே மின்பகுப்பு முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இடைநிலைப் பள்ளியில் மின்பகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு எதற்கு இது என்று கேட்கிற பிள்ளையை இதன் முன்னால் உட்கார வையுங்கள். ஒரு டூப்ளிகன்ட் வினாடிக்கு நூறு கிராம் சுவாசிப்பார், அப்படியென்றால் ஒரு எலெக்ட்ரோலைசர் எட்டுப் பேருக்குத் தாங்கும், மிஞ்சுகிற ஹைட்ரஜனை எரித்தால் மின்சாரம், அந்த மின்சாரத்தில் கொஞ்சத்தை எடுத்து எலெக்ட்ரோலைசரையே ஓட்டலாம். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டு, போட்ட கணக்கு திரையில் அப்படியே ஓடுவதைப் பார்க்கிற சுகம் மற்ற இரண்டு கேமிலும் இந்த அளவுக்கு இல்லை.

இனி தோற்கும் கதை. எலெக்ட்ரோலைசரிலிருந்து வருகிற வாயு எழுபது டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும். முதலில் ஒன்றும் தெரியாது. எல்லாரும் நன்றாக மூச்சு விடுகிறார்கள், மகிழ்ச்சி, நீங்களும் ஆட்களை அச்சடித்துத் தருகிற பெட்டியிலிருந்து புது ஆட்களை எடுத்துக்கொண்டே போகிறீர்கள். அந்தச் சூடு சுவர் வழியாக, தரை வழியாக, மெல்ல மெல்ல வயலுக்குப் போய்ச் சேரும். மீல்வுட் என்கிற ஆரம்பகாலச் செடி முப்பது டிகிரி தாண்டினால் வளர்வதை நிறுத்திவிடும். திடீரென்று ஒரு நாள் சாப்பாடு இல்லை என்று சிவப்பு எழுத்து வரும். நீங்கள் சாப்பாட்டுப் பிரச்சினை என்று நினைத்து இன்னும் நாலு வயல் தோண்டுவீர்கள், அதுவும் விளையாது, ஏனென்றால் பிரச்சினை சாப்பாட்டில் இல்லை, எத்தனையோ நாளுக்கு முன்னால் மகிழ்ச்சியாக நிறுவிய அந்தக் கருவியில் இருக்கிறது. காரணம் ஓரிடம், வலி வேறிடம். இதில் கிட்டத்தட்ட எல்லாத் தோல்வியும் இப்படித்தான் வரும்.

இப்படித் தோற்றவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வார்கள். ஒருவர் தூங்கப் போன பிறகும் கூரையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குழாயைக் குளிர்ந்த பாறை வழியாகக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பட்டது போதாதா என்று மூடி வைத்துவிடுவார். இரண்டாவது ஆள் நீங்கள் என்றால் இதை வாங்காதீர்கள், தள்ளுபடி எவ்வளவு போட்டாலும். முதல் ஆள் என்றால் மற்ற இரண்டையும் பற்றி யோசிக்கவே தேவையில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், காலனி பெரிதாகிவிட்டால் இந்தக் கேம் மெதுவாகும், வாயுவும் சூடும் அத்தனை கட்டத்துக்கும் கணக்குப் போட வேண்டியிருப்பதால் நல்ல கணினியிலும் மெதுவாகும், பழைய லேப்டாப்பில் ரொம்பவே. எட்டுப் பத்து ஆளோடு நிறுத்திக்கொண்டால் ஓடும், ஆட்டமும் அதுவே இறுக்கமாக இருக்கும்.

ரிம்வேர்ல்டு முற்றிலும் வேறு. டைனன் சில்வெஸ்டர் என்பவர் தொடங்கியது, 2013-இல் மக்களிடம் நிதி திரட்டி ஆரம்பித்து 2018 அக்டோபரில் முழுப் பதிப்பு வந்தது. விண்கலம் விழுந்து நொறுங்கி மூன்று பேர் ஏதோ ஒரு கிரகத்தின் ஓரத்தில் மிஞ்சுகிறார்கள். மரம் வெட்டு, அறை கட்டு, நெல்லோ உருளையோ போடு, கடைசியில் ஒரு கப்பல் கட்டிப் புறப்படு. விண்வெளி என்பது பின்னணிதான், நடக்கிறதெல்லாம் தரையில். ராக்கெட்டும் கண்ணாடி டோமும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். 2025-இல் வந்த ஒடிசி விரிவில்தான் கப்பலை வீடாகவே வைத்துக்கொண்டு சுற்றுப்பாதைக்கும் போகலாம், அதற்குத் தனிக் காசு.

இதில் எதிரி பசி இல்லை, மனசு. ஒவ்வோர் ஆளுக்கும் குணம், பழைய கதை, பிடிக்காதவர் பட்டியல் எல்லாம் உண்டு. மேசை இல்லாமல் சாப்பிட்டால் மனநிலை குறையும், நிஜமாகவே மூன்று புள்ளி குறைத்துப் போட்டிருப்பார்கள். அதோடு அறை அசிங்கமாக இருக்கிறது, நேற்று நண்பர் செத்தார், முன்னாள் மனைவி அடுத்த அறையில் புதுக் கணவரோடு இருக்கிறார் என்று சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஆள் உடைந்துவிடுவார். உடைகிற ஆள்தான் உங்கள் ஒரே டாக்டர், உடைகிற நேரம்தான் கொள்ளைக்காரர்கள் வேலி தாண்டுகிற நேரம். என் மச்சான் ஒருவர் இதைப் பைத்தியமாக ஆடுவார். அவருடைய காலனி ஒன்றில் நெருப்பு வைக்கிற வழக்கம் உள்ளவன் ஒருவனைச் சமையற்காரனாக வைத்திருந்தார், வேறு யாருக்கும் சமைக்கத் தெரியாது என்று. முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையை ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிப்போகிற அளவுக்குச் சொன்னார் பாருங்கள், அதுதான் ரிம்வேர்ல்டு. தோற்றால்கூடச் சொல்வதற்கு ஒரு கதை மிஞ்சும். அதன் மிகக் கடினமான நிலைக்கே தோற்பதுதான் சந்தோஷம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சம்பவங்களை யார் அனுப்புவது என்று ஒரு கதைசொல்லியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கசாண்ட்ரா படிப்படியாக இறுக்குவாள், ஃபீபி இடைவெளி விடுவாள், ராண்டி எதை வேண்டுமானாலும் செய்வான். முதல் தடவை ஃபீபி. இன்னொன்று பலருக்குத் தெரியாது, காலனியின் சொத்து ஏற ஏற வருகிற கொள்ளைக் கும்பலும் பெரிதாகும். தங்கத் தரை போட்டு அழகு பார்த்தால் அதற்கேற்ற படை வரும். காவலுக்கு ஆளும் ஆயுதமும் சேர்க்காமல் வீட்டை மட்டும் பெரிதாக்கினவர்கள் அடிவாங்குவது இதனால்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படம் சின்னப் பொம்மை மாதிரி இருந்தாலும் உள்ளடக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. கைதியின் உறுப்பை எடுத்து விற்கலாம், மனிதத்தோலில் சட்டை தைக்கலாம், போதைப்பொருள் செய்து விற்கலாம். கேம் செய்யச் சொல்லவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. ஆரம்பப்பள்ளிப் பிள்ளை இருக்கிற வீட்டில், ஒரே லேப்டாப்பை எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற வீட்டில், நான் இதை வாங்கிப் போட மாட்டேன். அந்த வீட்டுக்கு மற்ற இரண்டில் ஒன்று.

விலைக்கு வருவோம். அடிப்படை விலையில் மூன்றிலும் குறைவு ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட், ஸ்டீமில் நமக்கு ரிங்கிட்டிலேயே காட்டும். முக்கியமான வித்தியாசம் தள்ளுபடியில்தான் இருக்கிறது. க்ளையும் பாரடாக்ஸும் விற்பனைக் காலங்களில் நன்றாகக் குறைப்பார்கள், பாதி விலை, சில நேரம் அதற்கும் கீழே. ரிம்வேர்ல்டு பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் பெரும்பாலும் இறங்காது. ஆகவே ரிம்வேர்ல்டுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் காத்திருப்பதில் லாபம் குறைவு, மற்ற இரண்டுக்கும் டிசம்பர் வரையோ ஜூன் மாத விற்பனை வரையோ பொறுத்தால் மிச்சமாகும் காசில் ஒரு விரிவையும் சேர்த்து வாங்கிவிடலாம். விரிவு எதையும் முதல் நாளே வாங்காதீர்கள். ரிம்வேர்ல்டுக்கு விரிவுகள் ஐந்து, எல்லாவற்றையும் சேர்த்தால் கேமின் விலையே சின்னதாகத் தெரியும். அடிப்படைக் கேமும், ரசிகர்கள் இலவசமாகச் செய்து போடுகிற மோடுகளும் வருடக்கணக்கில் தாங்கும்.

லேப்டாப்பே இல்லை, அல்லது தனியாக உட்கார்ந்து ஆடுவது பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அது திரையில் இல்லை. டெர்ராஃபார்மிங் மார்ஸ் என்கிற பலகை விளையாட்டு, சுவீடனைச் சேர்ந்த ஜேகப் ஃப்ரிக்ஸீலியஸ் வடிவமைத்து 2016-இல் வந்தது. ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு நிறுவனம், எல்லாரும் சேர்ந்து செவ்வாயின் வெப்பத்தை மைனஸ் முப்பதிலிருந்து எட்டு டிகிரிக்கு ஏற்றி, உயிர்வளியைப் பதினான்கு சதவீதமாக்கி, ஒன்பது கடல் வைத்தால் ஆட்டம் முடிந்தது. வேலை கூட்டு, புள்ளி தனித்தனி, அதனால் நல்ல சண்டை வரும். இருநூறுக்கு மேல் சீட்டுகள், ஒவ்வொன்றும் வேறு வேறு, எல்லாவற்றிலும் ஆங்கிலம் வாசிக்க வேண்டும். பெட்டி விலை ஸ்டீம் கேமைவிட அதிகம். ஆனால் நாலு பேர் பங்கு போட்டு வாங்கலாம், கரண்ட் போனால் மெழுகுவர்த்தியிலும் ஆடலாம், பெருநாள் விடுமுறைக்கு கோலாலம்பூரிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் ஆட்கள் வந்து சேருகிற வீட்டுக்கு இதைவிடச் சரியானது இல்லை. இரண்டு மணி நேரம் என்று பெட்டி சொல்லும், முதல் தடவை மூன்றுக்கு மேல் போகும். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பியுங்கள்.

பிளானட்பேஸ், பெர் ஆஸ்பெரா, ஆஃப்வேர்ல்டு டிரேடிங் கம்பெனி என்று இன்னும் சில பெயர்கள் காதில் விழும். பிளானட்பேஸ் எளிமை, கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். பெர் ஆஸ்பெராவில் செவ்வாயைப் பார்த்துக்கொள்கிற செயற்கை அறிவு நீங்கள், கதை நன்று, மறுபடி ஆட அவ்வளவு காரணம் இல்லை. மூன்றாவது உண்மையில் சந்தைப் போட்டி, காலனி சாக்குதான். முதல் கேமாக மூன்றில் எதையும் சொல்ல மாட்டேன்.

ஆக, கேட்கிற ஆளைப் பொறுத்து என் பதில் மாறும். அறிவியல் எடுத்துப் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு, கணக்குப் போடப் பிடிக்கும் என்றால், ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட். ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்க நினைக்கிற அண்ணன்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரத்தில் நிறுத்த விடாது, மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு சர்வைவிங் மார்ஸ், நிதானமான ஆட்டம், எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கலாம், ரேடியோவை ஓட விட்டுக்கொண்டு டோம் கட்டலாம், லேப்டாப் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்க வேண்டும். லேப்டாப் ரொம்பப் பழசு, ஆள் பெரியவர், தோற்றால் சிரிக்கத் தெரியும் என்றால் ரிம்வேர்ல்டு. பழகுகிற வரைக்கும் ஒரே சேவில் ஆடுகிற முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், திரும்ப லோடு செய்கிற முறையிலேயே ஆடுங்கள்.

வாங்கின பிறகும் மனசு மாறலாம். ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கேம்களில் இரண்டு மணி நேரம் என்பது ஒன்றுமே இல்லை, சர்வைவிங் மார்ஸில் முதல் டோம்கூட நிறைந்திருக்காது. அதனால் வாங்கின அன்று பயிற்சிப் பகுதியைக் கேமுக்குள் ஓட்டி அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அதை யூடியூபில் பார்த்துக்கொண்டு, கேமைத் திறந்ததும் நேராக ஒரு காலனியைத் தொடங்கிவிடுங்கள். திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் சேரும், மூடிவிட்டுப் போங்கள்.